படுவான்கரைப் பிள்ளைகள் பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: மட்டக்களப்பில் எங்கள் வாசிகசாலையூடாக 20 பேரை இலவச இணையவழிக் கோடிங் பாடநெறியில் சேர்த்தோம். நகரப் பிள்ளைகள் 10 பேரில் 7 பேர் முடித்தார்கள், வாவிக்கு மேற்கேயுள்ள கிராமப்புறமான படுவான்கரையின் பிள்ளைகள் 10 பேரில் 2 பேர்தான். ஆர்வமில்லையா? அடுத்த முறை தெரிவுப் பரீட்சை வைக்கலாமா?

பதில்: பரீட்சை வேண்டாம். எப்படியும் முடிக்கக்கூடியவர்களை மட்டும் அது உள்ளே எடுக்கும். இடைவெளி அப்படியே இருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் தெரியாமல் போகும்.

முதலில் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே முதல் காணொளி, முதல் வினாவிடை, முதல் ஒப்படை, சான்றிதழ் என்று நாலு கட்டம் போடுங்கள். காணொளியோடு நின்றால் டேட்டாவைச் சந்தேகியுங்கள். எல்லாம் பார்த்தும் வினாவிடையில் நின்றால் பெரும்பாலும் ஆங்கிலம். ஒப்படையில் நின்றால் கணினி இல்லை: கைத்தொலைபேசியில் பாடம் கேட்கலாம், கோடிங் எழுதுவது பெரும்பாடு. கடைசிக் கட்டத்தில் நின்றவருக்குத் தடை சான்றிதழ்க் கட்டணமாக இருக்கலாம். பல தளங்களில் பாடம்தான் இலவசம்.

டேட்டாவுக்குக் கணக்கு இருக்கிறது. 720பி தரத்தில் ஒரு மணி நேரக் காணொளி சுமார் 1 ஜிபி தின்னும், 360பி என்றால் அதைவிட நன்றாகக் குறையும். கோர்செரா, எட்எக்ஸ் போன்ற இணையவழிப் பாடநெறித் தளங்களின் செயலிகளில் காணொளியை இறக்கி வைக்கலாம். வாசிகசாலை வைஃபையில் வாரத்துக்கு ஒருமுறை இறக்கிக் கொடுத்தால் வீட்டில் ரீலோட் செலவு வினாவிடைக்கு மட்டும்தான்.

நேரத்தையும் பாருங்கள். பெரும்போக நெல் அறுவடையில் தொடங்கும் அணி வயலில்தான் முடியும். யானை இறங்கும் ஊர்ப் பிள்ளைக்கு மாலை 6 மணி வகுப்பு எப்படிச் சரிவரும்? சனி காலைக்கு மாற்றுங்கள். கோர்செராவில் தவறிய கெடுத் திகதியைத் தண்டமில்லாமல் மாற்றி அமைக்கலாம். இதை முதல் நாளே சொல்லுங்கள், கெடு தவறியதாகக் காட்டும் சிவப்பு எழுத்தைப் பார்த்தே கைவிடுகிறவர்கள் உண்டு.

ஊக்க உரையை அதிகம் நம்பாதீர்கள். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்போர்ட் பாடநெறிகள் சுமார் 250இல், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. படிக்கும் திட்டத்தை முன்கூட்டியே எழுதவைத்தபோது முதல் சில வாரம் ஈடுபாடு கூடியது, முடித்தோர் தொகை கூடவில்லை.

ஆகவே உங்களிடம் இருக்கிற மடிகணினிகளை ஒப்படை வாரத்தில் முதலில் படுவான்கரைக்கு அனுப்புங்கள். வீட்டில் கணினி உள்ளவர் பிறகு இரவல் வாங்கலாம். சான்றிதழ்க் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்தால் பதில் வர இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம், பாடநெறி தொடங்குமுன் அனுப்பிவிடுங்கள்.