துறைக்குப் புதிய தலைவர் வந்தால் மகளின் பட்டம் என்ன ஆகும்?

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "என் மகள் கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மின், மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். துறைக்குப் புதிய தலைவர் வந்திருக்கிறார். இனி சிப் வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு பக்கம்தான் துறை போகுமாம். புதிய பெயரில் ஒரு பட்டப்படிப்பும் தொடங்குகிறார்கள். விரும்பினால் அதற்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார்கள். மாறலாமா? மாறாவிட்டால் அவள் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா?"

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் படிப்புக்கான அங்கீகாரம் துறைத் தலைவரைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. மலேசியப் பொறியாளர் வாரியத்தின் கீழ் இயங்கும் பொறியியல் அங்கீகார மன்றம் ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாக ஆராய்ந்து தருகிறது. 2009-இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதால், அந்த அங்கீகாரம் பெற்ற பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் கல்வித் தகுதி என்ற அளவில் ஏற்கின்றன. தலைவர் மாறியதால் மட்டும் இது போய்விடாது. மகளின் படிப்பு மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாடத்திட்டம் மாறினாலும், ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய திட்டத்திலேயே முடிப்பார்கள். அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கவனம் வேண்டியது புதிய படிப்பில்தான். புதிய படிப்பைத் தொடங்கும்போது கிடைப்பது அதை நடத்துவதற்கான அனுமதி. முழு மதிப்பீடு, முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டை எட்டும்போதுதான் நடக்கும். இப்போது மாறினால் உங்கள் மகள் அந்த முதல் அணியில் இருப்பாள். அங்கீகாரம் தள்ளிப்போனால் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்வதும் தள்ளிப்போகும். 1967-ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, இந்நாட்டில் பொறியாளராகத் தொழில் செய்ய அந்தப் பதிவு வேண்டும். இன்னொன்று, புதிய பட்டத்தின் பெயரில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அதை மதிப்பிடுவது வேறொரு மன்றம். அது மட்டமான படிப்பு இல்லை, ஆனால் வேறு பாதை. அதை வைத்து நேரடியாகப் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய முடியாது. சேர்ந்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, புதிய தலைவர் சொல்லும் திசை தவறா? இல்லை. பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்ததும் சிப் நிறுவனமான இன்டெல் வந்ததும் 1972-இல். இப்போது சிப்பை இங்கேயே வடிவமைக்கும் ஆட்கள் தேவை. 2024-இல் அறிவிக்கப்பட்ட மலேசியாவின் தேசிய செமிகண்டக்டர் (சிப் தொழில்) வியூகம் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவதை இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குள் நுழையப் பட்டத்தின் பெயர் அவ்வளவாக உதவாது. மின்சுற்று, டிஜிட்டல் தர்க்கம், சமிக்ஞை, கணிதம் ஆகிய நான்கும் கைவசம் இருக்க வேண்டும். இவை பழைய படிப்பிலேயே இருக்கின்றன.

ஒரு தலைவர் சீக்கிரம் மாற்றக்கூடியவை விருப்பப்பாடங்கள், இறுதியாண்டு ஆய்வுத் திட்டம், ஆய்வுக்கூடம், தொழிற்சாலைத் தொடர்பு ஆகியவைதான். புதிய திசையின் பலன் பழைய படிப்பில் இருக்கும் மாணவருக்கும் இவற்றின் வழியாகவே வந்து சேரும். ஆகவே அறிவிப்பை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் வடிவமைப்பு மென்பொருளுக்கு உரிமம் வாங்கிவிட்டார்களா? அதைச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? நான் அதிகம் கவலைப்படுவது விரிவுரையாளர்களைப் பற்றித்தான். துறை திசை மாறும்போது, மின்சக்தி, உயர் மின்னழுத்தம் போன்ற பாடங்களை நடத்தும் மூத்தவர்கள் தங்களுக்கு இங்கே இடமில்லை என்று கிளம்பிவிடுவதுண்டு. அவர்கள் இடத்தில் ஆள் போடாமல் விட்டால் அடிபடுவது பழைய படிப்பின் மாணவர்கள். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது மகளுக்கே தெரிந்திருக்கும்.

என் கருத்து இதுதான்: மாற வேண்டாம். பழைய படிப்பிலேயே இருந்து சிப் சார்ந்த விருப்பப்பாடங்களை எடுக்கட்டும். இறுதியாண்டுத் திட்டத்தையும் அதிலேயே செய்யட்டும். தொழிற்பயிற்சிக்குக் குறைந்தது எட்டு வாரம் போக வேண்டியிருக்கும். அதைப் பாயான் லெப்பாஸில் தேடினால் பிறையில் உங்கள் வீட்டிலிருந்தே பாலத்தைத் தாண்டிப் போய் வரலாம். நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்கட்டும்.

அப்புறம், துறைத் தலைவருக்கு நீங்கள் எழுத வேண்டாம், மகளே எழுதட்டும். தன் அணிக்குப் பழைய பாடத்திட்டம் கடைசி வரை தொடருமா, புதிய விருப்பப்பாடங்களைத் தானும் எடுக்கலாமா என்ற இரண்டு கேள்விகள் போதும். பதில் மின்னஞ்சலில் வரட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால், அதையே எழுதி அனுப்பி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள்.