ரெகுலேட்டரைக் கழற்றலாமா, கம்பனிக்கு அனுப்பலாமா?

கேள்வி: மச்சான் போன வருடம் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டைவிங் ரெகுலேட்டர் இது, சிலிண்டர் காற்றை மூச்செடுக்கத் தோதான அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவி. கல்கிசைப் பக்கம் டைவ் போகும்போது சிலிண்டரைத் திறந்தவுடன் ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நிமிடம் கழித்து வாயில் வைக்கும் பக்கத்தால் 'உஸ்' என்று காற்று கசியத் தொடங்குகிறது. கராஜ் வைத்திருக்கும் நண்பன், "கழற்றித் தா, பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடையில் ஒரு ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்கிப் போட்டால் சரி" என்கிறான். வாரன்டி இன்னும் இருக்கிறது, ஆனால் அனுப்பினால் சீசன் போய்விடும். என்ன செய்ய?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: முதலில் நண்பனின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வையுங்கள். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் கோளாறு அவர் கழற்ற நினைக்கும் இடத்திலேயே இல்லை போலிருக்கிறது.

சிலிண்டரில் 200 பார் அளவில் இருக்கும் அழுத்தத்தை சிலிண்டரில் மாட்டும் பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சுமார் 9, 10 பாருக்கு இறக்கி ஹோஸுக்குள் விடும். அங்கே உள்ளே வால்வு அழுந்தி மூடும் சின்ன சீட் தேய்ந்தாலோ உப்புத் துணுக்கு கீறினாலோ வால்வு முழுதாக மூடாது, ஹோஸுக்குள் அழுத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வாயில் வைக்கும் பாகமான செகண்ட் ஸ்டேஜ் திறந்து காற்றை வெளியே விடும். அதனால்தான் திறந்த உடனே இல்லாமல் கொஞ்சம் பொறுத்து உஸ் என்கிறது. சத்தம் வாய்ப்பக்கம், வியாதி சிலிண்டர் பக்கம். வாய்ப்பக்கத்தைக் கழற்றி ஓ-ரிங் மாற்றி ஸ்பிரிங்கை இறுக்கினால் சத்தம் ஒருவேளை நிற்கும், அது இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே அழுத்தம் ஏறுவது நிற்காது, உங்களுக்குத் தெரியாமலும் போய்விடும்.

உறுதிப்படுத்த எதையும் கழற்றத் தேவையில்லை. நல்ல டைவ் கடையில் மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் ஜக்கெட்டுக்குக் காற்றூட்டும் ஹோஸில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜை மாட்டிப் பார்ப்பார்கள். முள் ஓரிடத்தில் நின்றால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சரி, நிற்காமல் மெல்ல மெல்ல ஏறினால் நான் சொன்னதுதான்.

பஞ்சிகாவத்தை ஓ-ரிங் அளவில் பொருந்தலாம், ஆனால் ரப்பரின் வகையும் கடினமும் வேறாக இருந்தால் 200 பாரில் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அதோடு வெளியாள் திறந்த அடையாளம் தெரிந்தால் வாரன்டியும் பெரும்பாலும் போச்சு. தாங்களே சேர்விஸ் செய்துகொள்ளும் சுழியோடிகள் இருக்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் அதற்கென்று படித்து, கேஜும் டோர்க் ரென்ச்சும் வைத்து, அந்த மொடலுக்கான உதிரிப்பாகக் கிட்டையே தேடி வாங்கிப் போடுகிறவர்கள். கராஜ் கிரீஸ் பூசுகிறவர்கள் இல்லை. ஒக்சிஜன் அதிகம் கலந்த காற்றில் தவறான கிரீஸ் தீப்பிடிக்கவும் கூடும்.

அனுப்புவதென்றால் நேராகக் கம்பனிக்கு வேண்டாம், வாரன்டி வேலை பொதுவாக விற்ற கடை வழியாகத்தான் நடக்கும். மச்சான் அடுத்த முறை சிங்கப்பூர் போகும்போது பில்லோடு கையில் கொடுத்து விடுங்கள், கூரியர் செலவும் மிச்சம். இரண்டு ஸ்டேஜையும் ஹோஸோடு சேர்த்தே கொடுங்கள், தனித்தனியாகக் கொடுத்தால் சேர்த்து டியூன் செய்ய முடியாது. "வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், எத்தனை நிமிடத்தில், எங்கே கசிகிறது என்று எழுதுங்கள். சீரியல் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். கூரியரில்தான் போகிறதென்றால், திருத்தத்துக்குப் போய்த் திரும்பி வரும் பொருள் என்று போகும்போதே பத்திரம் எடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது சுங்கத்தில் புதுச் சாமான் என்று வரி கேட்டு நிற்பார்கள்.

சீசனைப் பற்றிக் கவலை வேண்டாம். கொழும்புப் பக்கக் கடல் ஏப்ரலோடு கலங்கிவிடும், அதுவரை வாடகை செட் எடுங்கள். மே மாதம் திருகோணமலைப் பக்கம் தெளியத் தொடங்கும்போது உங்களுடையது வந்து சேர்ந்திருந்தால் அதிர்ஷ்டம்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்தால் மாற்றிக் கேபிள் டையால் இறுக்கலாம். சிலிண்டர் வால்வில் இருக்கும் ஓ-ரிங் கசிந்தால் மாற்றலாம், கடற்கரையில் நாம் பார்க்கும் கசிவில் நிறைய அதுதான். ஜக்கெட்டின் காற்றுப் பட்டன் உப்புப் பிடித்து ஒட்டினால் இளஞ்சூடான நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், ஆனால் அது தானாகக் காற்றை நிரப்பத் தொடங்கினால் ஊறவைத்துத் திருப்திப்படாதீர்கள், தண்ணீருக்குள் அப்படி நடந்தால் ஆளையே மேலே தூக்கி எறிந்துவிடும். ரெகுலேட்டரைக் கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைப் போட்டுவிட்டுக் கழுவுங்கள், அழுத்தம் இல்லாதபோது வாய்ப்பக்கத்தின் நடுப் பட்டனை அமுக்க வேண்டாம். அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே போய் அந்த சீட்டுக்கே வந்து சேரும்.

கேள்வி: ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கொம்பியூட்டரின் பேட்டரியை நானே மாற்றலாமா?
- தெஹிவளை வாசகி

பதில்: பின்னால் நாணயத்தால் திருப்பும் மூடி இருந்தால் மாற்றுங்கள், கிட்டோடு வரும் புது ஓ-ரிங்கையும் போடுங்கள், ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். ஸ்க்ரூ போட்டு மூடியது என்றால் அனுப்புங்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று கூரியர்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், விமானத்தில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.