மோப்பானே நாற்றுகள் முளைத்தபின் சாவது

பார்த்த மரம் மோப்பானேதானா, அதன் விதையை ஆழமற்ற தட்டில் போட்டால் நாற்றுகள் முளைத்தபின் ஏன் சாகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் பார்த்தது, ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் வளரும் மரமான மோப்பானேதான். அதன் இரட்டைச் சிற்றிலை, அதைப் போலத் தோன்றும் வேறொரு மரமான பொய் மோப்பானேக்கும் உண்டு. ஆனால் பொய் மோப்பானேயின் காய் வெடித்து, சிவப்புச் சதையுறை கொண்ட பளபளப்பான விதையைத் தொங்கவிடும். நீங்கள் விவரிக்கும் வெடிக்காத தட்டைக் காயும், பிசின் ஒட்டும் சுருக்க விதையும் மோப்பானேக்கே உரியவை.

விதை எளிதில் முளைக்கும் என்பதால் குறை விதையில் இல்லை. இலை விரியும் முன்பே ஆணிவேர் வேகமாகக் கீழிறங்குவதால், ஆழமற்ற தட்டில் அது முட்டி மடங்கியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

செத்த நாற்று ஒன்றை மெல்லப் பிடுங்கிப் பாருங்கள். வேர்நுனி சுருண்டிருந்தால் அடுத்த விதைகளை நீண்ட பைகளில், காயோடே, ஆழமாகப் புதைக்காமல் மேலாக ஊன்றுங்கள். தண்டின் அடி கறுத்துக் குழைந்திருந்தால் நீரைக் குறையுங்கள்.

உறைபனி விழும் மேட்டுநிலமானால், எவ்வளவு கவனித்தாலும் இளங்கன்றுகள் பிழைப்பது அரிது.