கோப்புறை திறக்க மறுத்தால்: விண்டோஸ் அனுமதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் இணைத்தேன். நான் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தும் என் கோப்புறையைத் திறக்க முடியவில்லை. செக்யூரிட்டி பகுதியில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிகிறது.

பதில்: அது பழைய கணினியில் இருந்த உங்கள் கணக்கின் அடையாள எண். விண்டோஸ் டிரைவில் கோப்புகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் முறையான என்டிஎஃப்எஸ் பயனரைப் பெயரால் அல்ல, இந்த எண்ணால்தான் அறிகிறது. ஆகவே அதே பெயரில் புதிய கணக்குத் தொடங்கினாலும் அது உங்களை வேறு ஆளாகவே கருதும். முதலில் டேக்ஓன் (takeown) கட்டளையால் உரிமையாளரை மாற்றுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று திகைக்கிறார்கள். உரிமையாளருக்கு இயல்பாகக் கிடைப்பது அனுமதிப் பட்டியலைப் பார்க்கவும் திருத்தவும் உள்ள உரிமை மட்டுமே. கோப்பைப் படிக்கும் அனுமதியை ஐகேக்கல்ஸ் (icacls) கட்டளையால் தனியாகச் சேர்க்க வேண்டும். கோப்புகள் விண்டோஸின் குறியாக்க முறையான ஈஎஃப்எஸ்ஸால் பூட்டப்பட்டிருந்தால் இவை எதுவும் உதவாது. பழைய கணக்கின் சான்றிதழும் சாவியும் வேண்டும்.

கேள்வி: சம்பளப் பிரிவின் கோப்புறையிலிருந்து ஒரு கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு நகர்த்தினேன். மற்றவர்களால் திறக்க முடியவில்லை. அதையே நகலெடுத்து வைத்தால் திறக்கிறது. ஏன்?

பதில்: நகலெடுக்கும்போது புதிய கோப்பு பிறக்கிறது, அது சேருமிடத்துக் கோப்புறையின் அனுமதிகளை மரபுரிமையாகப் பெறுகிறது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போதோ கோப்பு இருந்தபடியே இருக்க, அதன் முகவரி மட்டும் மாறுவதால், பழைய அனுமதிப் பட்டியலும் உடன் வந்துவிடுவது இயல்பு. வேறு டிரைவுக்கு நகர்த்துவது நகலெடுத்துப் பழையதை அழிப்பதே என்பதால் அங்கே இச்சிக்கல் எழுவதில்லை. ஐகேக்கல்ஸின் ரீசெட் தெரிவு, கோப்பின் பட்டியலை நீக்கி மேலிருந்து வரும் அனுமதிகளை இடும்; நீங்கள் கையால் சேர்த்தவையும் அதில் போய்விடும் என்பதால், சேவ் தெரிவால் இப்போதைய பட்டியலை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நேர்ந்தது தொல்லை மட்டுமே. இதன் மறுதிசைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பொதுக் கோப்புறையிலிருந்து சம்பளக் கோப்புறைக்கு நகர்த்திய கோப்பு, ‘எல்லோரும் படிக்கலாம்’ என்ற பழைய அனுமதியையும் சுமந்து செல்லக்கூடும். மேல் கோப்புறை பூட்டியிருந்தாலும், இடையிலுள்ள கோப்புறைகளின் சோதனையைத் தாண்டிச் செல்லும் சலுகை விண்டோஸில் இயல்பாகவே அனைவருக்கும் உண்டு என்பதால், முழு முகவரி தெரிந்தவர் அதைத் திறந்துவிடலாம்.

கேள்வி: மேல் கோப்புறையில் ஒருவருக்கு டினை, அதாவது மறுப்பு, கொடுத்தேன். அவர் உள்ளே ஒரு கோப்பை மட்டும் தாராளமாகத் திறக்கிறார். டினைதானே வெல்ல வேண்டும்?

பதில்: அது பாதி உண்மை. கோப்பிலேயே நேரடியாக இட்ட மறுப்பு, நேரடி அனுமதி, மரபுரிமையாக வந்த மறுப்பு, மரபுரிமையாக வந்த அனுமதி என்ற வரிசையில் பட்டியல் படிக்கப்படுகிறது. அந்தக் கோப்பில் அவருக்கு அல்லது அவருடைய குழுவுக்கு நேரடி அனுமதி இருக்கும்; அது மேலிருந்து வந்த மறுப்பை முந்திவிடுகிறது. செக்யூரிட்டி பகுதியின் அட்வான்ஸ்ட் சாளரத்தில் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று குறித்திருக்கும். எதையும் மாற்றும் முன் அதைப் பாருங்கள். டினையைக் கூடுமானவரை தவிர்த்து, தேவையற்ற அனுமதியை நீக்குவதே தெளிவான வழி என்பது என் கருத்து.

கேள்வி: ஊழியரைச் சரியான குழுவில் சேர்த்தும் அவரால் திறக்க முடியவில்லை.

பதில்: லாக் ஆஃப் செய்து மீண்டும் உள்நுழையச் சொல்லுங்கள். குழு விவரம் உள்நுழையும்போதுதான் பதிவாகிறது. நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறை என்றால், கோப்புறையின் அனுமதியோடு, பகிர்வுக்கென்று தனியாக உள்ள ஷேர் அனுமதியையும் பாருங்கள். இரண்டில் குறைவானதே செல்லும்.

கேள்வி: சி டிரைவ் முழுவதற்கும் ரீசெட் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விண்டோஸ் கோப்புறையில் பல கோப்புகளின் உரிமையாளர், விண்டோஸின் சொந்தச் சேவையான டிரஸ்டட் இன்ஸ்டாலர். அங்குள்ள அனுமதிகள் ஒவ்வொன்றாகத் திட்டமிட்டு இடப்பட்டவை. குலைத்தபின் பழையபடி அடுக்குவதைவிட விண்டோஸை மீண்டும் நிறுவுவதே பெரும்பாலும் எளிது.