விவாகரத்துக்குப் பின் ராணுவ வீட்டுப் படி யாருக்கு?

அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் முன்னாள் கணவரின் வீட்டுப் படி (BAH எனப்படும், வீட்டுச் செலவுக்கான தொகை) குழந்தைக்காகவே தரப்படுவதால், அது முழுவதும் தாய்க்குச் சேர வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. படி வீரருக்கு உரியது. பதவி, பணியிடம், சார்ந்திருப்போர் உண்டா இல்லையா என்ற மூன்றையும் வைத்தே அது கணக்கிடப்படுகிறது. குழந்தை ஒன்றானாலும் நான்கானாலும் தொகை ஒன்றுதான். சம்பளச் சீட்டில் இடப்பக்கம், அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்தே இது நிற்கும். இதற்கு வருமான வரி கிடையாது. ஆனால் பராமரிப்புத் தொகையை நிர்ணயிக்கும் மாநில நீதிமன்றங்கள் பொதுவாக இதையும் வருமானமாகவே எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பிடி அங்கேதான் இருக்கிறது.

பலரும் தடுக்கி விழும் இடம் வேறு. ராணுவம் தரும் தனியாள் குடியிருப்பில் தங்கியிருக்கும் வீரர் குழந்தைக்குப் பணம் அனுப்பினால், முழுப் படிக்குப் பதிலாக ஒரு 'வேறுபாட்டுப் படி' கிடைக்கும். அது மாதம் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அனுப்புவது 250 என்றால் அந்தப் படியில் ஒரு டாலரும் வராது. குறைந்தது 300 கொடுத்தாக வேண்டும். கறாரான விதி, ஆனால் நியாயமானது.

இருவருமே ராணுவத்தினர் என்றால், ஒரே குழந்தையைக் காட்டி இருவரும் சார்ந்திருப்போர் உள்ளவர்களுக்கான கூடுதல் விகிதத்தைப் பெற முடியாது.

நீதிமன்ற உத்தரவு இன்னும் வரவில்லையா? தரைப்படையின் 608-99 விதி இடைக்கால ஆதரவுத் தொகையை வரையறுக்கிறது. அவருடைய கமாண்டருக்கு எழுதுங்கள். ஆனாலும் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய உத்தரவு தேவை. அதை வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.