650 ரூபாய்க்கு பஷ்மினா கிடைக்குமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணே,

எனக்கு தங்கச்சிமடம். ராமேஸ்வரத்துல சங்கு, சோழி, பாசிமாலை விக்கிற சின்ன கடை ஒன்னு வச்சிருக்கோம், நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி பாத்துக்குறோம். பாம்பன் பாலத்துல ரயில் ஓடாம நின்ன ரெண்டு வருஷத்துக்கும் மேல யாவாரம் ரொம்ப படுத்துப்போச்சு, 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் திறந்தப்புறம்தான் வடநாட்டு ஆளுங்க மறுபடி கூட்டமா வர்றாங்க. சங்கு மட்டும் வச்சா பத்தாது, கைத்தறி சால்வையும் வைக்கலாம்னு வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. வாட்ஸப்ல ஒரு ஏஜெண்ட் பிடிச்சிருக்காரு. "ப்யூர் காஷ்மீர் பஷ்மினா, கையால நெய்ஞ்சது, பீஸ் 650, மினிமம் 50 பீஸ், நீங்க 2500 சொல்லி விக்கலாம்"ங்குறான். சாம்பிள் ஒன்னு வந்துச்சு. மோதிரத்துக்குள்ள விட்டா சர்ர்னு போகுது, தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கு. இவரு அதப் பாத்தே மயங்கிட்டாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. அது நெசமாவே பஷ்மினாவா, எப்படி கண்டுபிடிக்கிறது? பக்கத்து கடைலல்லாம் இப்படித்தான் விக்கிறாங்க, நாம மட்டும் யோக்கியம் பாத்தா பொழப்பு ஓடுமா? அப்புறம் இன்னொன்னு, வர்றவுக எல்லாரும் பாதி விலைக்குத்தான் கேக்குறாங்க, அதுக்கு என்ன பண்றது?

(பேரு போட வேணாம் அண்ணே)

தங்கச்சிக்கு,

சுத்தி வளைக்காம சொல்லிடுறேன், அது பஷ்மினா இல்ல. நான் சாம்பிளப் பாக்கல, பாக்கவும் தேவையில்ல, விலையே சொல்லிடுது.

கணக்கு எப்படின்னா, பஷ்மினாங்குறது லடாக்ல சாங்தாங் பக்கம் மேயுற ஆட்டோட அடிமுடி. மேல இருக்குற முரட்டு முடி இல்ல, குளிருக்காக அது தோலோட ஒட்டி வளக்குற மெல்லிசு முடி. வெயில் காலம் ஆரம்பிக்கிறப்ப அது தானா உதிரும், அப்ப சீப்பு வச்சு வாரி எடுப்பாங்க. ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு நூத்தம்பது கிராம் கெடைச்சா நல்ல ஆடு, அதுலயும் முரட்டு முடி, தூசி எல்லாம் கழிச்சா கைல நிக்கிறது கொஞ்சந்தான். ஒரு பெரிய சால்வைக்கு சுமாரா 200 கிராம் நூல் வேணும், ஆக கொறஞ்சது மூனு ஆட்டோட ஒரு வருஷத்து முடி ஒரே சால்வைல போயிடுது. அத பொம்பளைங்க ராட்டைல கையால நூக்கணும், அப்புறம் தறிக்குப் போய் வெறும் ப்ளெய்ன் சால்வைக்கே நாள்கணக்கா நெய்யணும். ஆட்டுக்காரன், நூக்குறவ, நெய்யுறவன், சலவைக்காரன், இத்தன பேர் கூலியும் தாண்டி ஏஜெண்ட் கமிஷன், கொரியர் எல்லாம் சேந்து 650ன்னா, நடுவுல யாரோ தர்மத்துக்கு வேல செஞ்சிருக்கணும். மூலமுடி விலைக்கே அந்தக் காசு காணாது.

மோதிர சோதனைய இதோட விட்டுடுங்க. அந்தக் கதை ஷாதூஷ் சால்வையோடது. திபெத் பக்கம் இருக்குற சீரு மான கொன்னு அதோட முடில நெய்யுற சால்வை அது, இப்ப வச்சிருந்தாலே வனவிலங்குச் சட்டத்துல கேஸு, எவனாவது ஷாதூஷ்னு வாயெடுத்தா அப்படியே நம்பர பிளாக் பண்ணிடுங்க. மோதிரத்துக்குள்ள மெல்லிசா இருக்குற எதுவும் போகும், விஸ்கோஸ் (மரக்கூழ்லேர்ந்து செய்யுற செயற்கை நூல்) இன்னும் நல்லாவே வழுக்கிட்டுப் போகும். உங்க சாம்பிளும் அநேகமா விஸ்கோஸ்தான், இல்ல அக்ரிலிக் கலந்தது.

வீட்டுலயே பாக்கணும்னா குஞ்சத்துல ரெண்டு இழை உருவி அடுப்புல காட்டுங்க. பேப்பர் எரியுற வாடை வந்து சாம்பலா உதிர்ந்தா விஸ்கோஸ், இல்ல பருத்தி. உருகி கருப்பா மணி மாதிரி கட்டி நின்னா பாலியஸ்டர், அக்ரிலிக் வகையறா. முடி கருகுற வாடை வந்தா அது கம்பளியாவோ பட்டாவோ இருக்கும். ஆனா ஒன்னு, முடி வாடை வந்துடுச்சேன்னு துள்ளிக் குதிக்க வேணாம், சாதா செம்மறிக் கம்பளிக்கும் அதே வாடைதான். பஷ்மினான்னு உறுதி பண்ணணும்னா இழையோட தடிமன மைக்ரான்ல (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளக்கணும், காஷ்மீர் பஷ்மினாவுக்கு புவிசார் குறியீடு இருக்கு, அதுக்கு 16 மைக்ரானுக்குள்ள இருக்கணும், நூலும் கையால நூத்திருக்கணும், நெசவும் கைத்தறியா இருக்கணும். ஸ்ரீநகர்ல அதுக்குன்னே லேப் வச்சு டெஸ்ட் பண்ணி ஒவ்வொரு சால்வைக்கும் தனித்தனி லேபிள் ஒட்டித் தர்றாங்க. கையால நூக்கணும்னு ஏன் அழுத்திச் சொல்றாங்கன்னா அந்த இழைக்கு மெஷின் இழுப்பத் தாங்குற தெம்பு கெடையாது. அதனால மெஷின்ல ஓட்டுறவங்க நைலான் கலந்து நூல முறுக்கி, பவர்லூம்ல நெய்ஞ்சு முடிச்சப்புறம் ஆசிட்ல போட்டு நைலானக் கரைச்சு எடுப்பாங்க. துணி தொட மெத்துன்னு இருக்கும், ஆனா ஆசிட் குடிச்ச இழை எத்தன வருஷம் தாங்கும்?

பக்கத்து கடைக்காரங்க விக்கிறாங்கங்குறீங்க. விக்கட்டும். ஆனா புவிசார் குறியீடு வாங்குன பேர பொய்யா ஒட்டுறதும், பொய்யா ஒட்டுனத விக்கிறதும் 1999 சட்டப்படி குத்தம், கொறஞ்சது ஆறு மாசம், கூடப்போனா மூனு வருஷம் உள்ள, அபராதம் 50 ஆயிரத்துல ஆரம்பிச்சு 2 லட்சம் வரைக்கும். போலீஸ் நாளைக்கே வந்து கதவத் தட்டும்னு நான் சொல்லல, நடப்பு உங்களுக்கே தெரியும். ஆனா வாங்கிட்டுப் போறவன் ஜெய்ப்பூர்லயோ இந்தூர்லயோ இருக்கான், குளிர்காலம் உள்ள ஊர்க்காரன், கம்பளியத் தொட்டே வளந்தவன், கடல் ஊருக்கு வந்து அவங்கிட்ட நாம பஷ்மினா விக்கிறதே ஒரு வேடிக்கைதான் இல்லையா! அதே சரக்க "விஸ்கோஸ் ஸ்டோல்"னு அட்டைல எழுதி நியாயமான விலை போட்டு விக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்ல, விஸ்கோஸ் ஒன்னும் கெட்ட துணி இல்ல. கம்பளி சால்வைதான் வைக்கணும்னா ஹிமாச்சல்ல நெய்யுற குலு சால்வை இருக்கு, அதுக்கும் புவிசார் குறியீடு உண்டு, அங்க 1944லேர்ந்து நடக்குற பூட்டிகோங்குற நெசவாளர் சொசைட்டிகிட்ட நேராவே எடுக்கலாம். ஆனா என்னக் கேட்டா அதுவும் வேணாம். உப்புக்காத்துலயும் ஈரத்துலயும் கம்பளிய வருஷம் முழுக்க பூச்சி அரிக்காம பூஞ்சை பிடிக்காம வச்சுக்கறது பெரிய ரோதனை.

நம்ம கரைல சால்வை யாருக்கு வேணும்னு நின்னு யோசிங்க. கோயிலுக்கு வர்றவங்க அக்னி தீர்த்தத்துல முங்கிட்டு, உள்ள போய் 22 தீர்த்தமும் வாளி வாளியா தலைல ஊத்திக்கிட்டு, சொட்டச் சொட்ட வெளிய வர்றாங்க. மார்கழி தை மாசத்துல அந்த நேரம் கடல்காத்து வேற அடிக்கும். வயசானவங்க, புள்ளைங்க எல்லாம் வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு தெருவுல நிக்கிறத நீங்க தினம் பாக்குறீங்க. அவங்களுக்கு அந்த நிமிஷம் வேண்டியது தண்ணிய உறிஞ்சி, சுத்திக்கிட்டா கதகதப்பா இருந்து, கொடில போட்டா ஒரு மணி நேரத்துல காயுற பருத்தித் துணி. பாலியஸ்டரு தண்ணிய உறிஞ்சாது. கம்பளி நனைஞ்சா சீக்கிரம் காயாது. பருத்தி சால்வை, அதுவும் கைத்தறி, அதத்தான் உங்க கடைல அடுக்கி வைக்கணும்.

அது எங்க கெடைக்கும்னு காஷ்மீர் வரைக்கும் போக வேணாம். நம்ம ஜில்லாவுலயே பரமக்குடி இருக்கு, வைகைக்கு அக்கரைல எமனேஸ்வரம் இருக்கு. மதுரை பாசஞ்சர்ல ஏறினா பரமக்குடில நிக்கும். சௌராஷ்டிரா குடும்பங்க தலைமுறை தலைமுறையா பருத்திச் சேலை நெய்யுற ஊரு. சால்வை நெய்வாங்களான்னு கேப்பீங்க, சேலைத் தறில சால்வை வராதுன்னு ஒன்னும் இல்ல. சேலை அகலம் 46, 48 இஞ்ச் வரும், சால்வைக்குக் கொஞ்சம் கூடத்தான், ஆனா ஈர உடம்ப சுத்தறதுக்கு அந்த அகலம் நல்லதுதான். ரெண்டு, ரெண்டேகால் மீட்டருக்கு ஒருக்கா ஒரு சாண் பாவ (தறில நீளவாக்குல ஓடுற நூல) நெய்யாம விட்டுட்டு மேல நெய்ஞ்சுக்கிட்டே போனா, அப்புறம் அந்த எடத்துல வெட்டி குஞ்சம் முடிஞ்சுக்கலாம். 60ஆம் நம்பர் நூல் கேளுங்க, ரொம்ப மெல்லிசும் இல்லாம ரொம்ப தடியும் இல்லாம இருக்கும். ஜரிகை வேணாம், கடல்காத்துல கறுத்துப்போகும்.

ஒன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, தறிக்காரர்ட்ட போய் "ரெண்டு பீஸ் மட்டும் சாம்பிளுக்கு நெய்ஞ்சு குடுங்க"ன்னு கேக்க முடியாது. பாவு ஒரு தடவ ஏத்துனா அது முடியுற வரைக்கும் நெய்ஞ்சாகணும், அந்தப் பாவுல எத்தன பீஸ் வருதோ அத்தனையையும் நீங்க எடுத்துக்கணும். அதுக்காக எல்லாம் ஒரே கலரா இருக்கணும்னு இல்ல. பாவு வெள்ளையா இருக்கட்டும், குறுக்க ஓடுற ஊடை நூல மட்டும் மாத்திக்கிட்டே வரச் சொல்லுங்க. ஊடை நூல் சுத்துற தாருல சிவப்பு நூல் சுத்துனா வெளுத்த ரோஸ் கலர்ல ஒரு சால்வை, நீலம் சுத்துனா இன்னொன்னு, ஒரே பாவுல அஞ்சாறு கலர் எடுத்துடலாம். குஞ்சத்துக்கு முடிச்சுப் போடுற வேலைய நீங்களும் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களும் வீட்டுல உக்காந்தே செய்யலாம், அதுக்கொரு கூலி நிக்கும். சங்குக்கடைக்காரின்னு குஞ்சத்துல சோழி கோக்கலாமான்னு தோணும், வேணாம், துவைக்கிறப்ப சோழி நூல அறுத்துடும்.

இன்னொரு மார்க்கெட்டும் இருக்கு, அத யாரும் சால்வை மார்க்கெட்டுன்னே நெனைக்கிறதில்ல. மேடை. நம்ம பக்கம் வெயில் மண்டையப் பொளக்குற ஊருன்னாலும் சால்வை போத்தாத விசேஷம் இருக்கா சொல்லுங்க. ஸ்கூல் ஆண்டு விழா, சர்ச் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம், ரிட்டயர்மெண்ட் பார்ட்டி, எங்க பாத்தாலும் மினுமினுன்னு சரிகைக்கரை வச்ச பாலியஸ்டர் பொன்னாடை. போத்துன ஆளு வேர்த்துப்போய் அடுத்த நிமிஷமே கழட்டிப் பின்னால இருக்குற நாற்காலில போட்டுடுவாரு, அது திரும்ப கடைக்கே வந்து அடுத்த ஆளு தோளுக்குப் போகும். ஸ்டாலின் பொன்னாடைக்குப் பதிலா புத்தகம் குடுங்கன்னு கட்சிக்காரங்கள கேட்டுக்கிட்டாரு, நல்ல காரியந்தான், ஆனா எல்லா மேடைலயும் அது நடக்கல. அந்த எடத்துக்கு ஒரு பரமக்குடி பருத்தி சால்வை போனா வாங்குனவரு வீட்டுல போத்திப்பாரு, வெளியூர் போறப்ப பஸ்ஸுல தலைக்கு வச்சுப்பாரு. உங்க ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்டயும் பங்குச் சாமியார்கிட்டயும் ஒரு பீஸ கொண்டுபோய்க் காட்டுங்க. பத்து பேர் விழால வாங்குனாலே ஒரு பாவுல நல்ல பங்கு முடிஞ்சுடும்.

நெசவு சம்பந்தமா பேப்பர் வேல ஒன்னு. கைத்தறி முத்திரைன்னு 2006லேர்ந்து மத்திய அரசு ஒரு லேபிள் குடுக்குது, சொசைட்டிலயோ பதிவு பண்ணுன நெசவாளர்ட்டயோ வாங்குனா அந்த லேபிளோட குடுங்கன்னு கேளுங்க. அது இருந்தா வடநாட்டுக்காரங்ககிட்ட பேசுறதுக்கு வாய் வலிக்காது. கரையப் பாத்தும், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஊடை அங்கங்க ஏறி எறங்கி இருக்கான்னு பாத்தும் கைத்தறின்னு ஊகிக்கலாம்தான், ஆனா நாடா ஓடுற பழைய பவர்லூம் துணியும் பாக்க அப்படியேதான் இருக்கும், அனுபவம் இருக்குற யாவாரிங்களே சறுக்குற எடம் அது.

இப்ப பேரத்துக்கு வர்றேன். 2500 சொல்லி 900க்கு குடுக்குற கடைதான் வர்றவங்கள பாதி விலைக்குக் கேக்கப் பழக்குது. அதே ஆளு கோஆப்டெக்ஸ்ல நொழைஞ்சா வாயத் தொறக்க மாட்டான், ஏன்னா விலைச்சீட்டு தச்சிருக்கு, கேட்டாலும் கொறைக்க மாட்டாங்கன்னு தெரியும், தள்ளுபடி இருந்தா அதையும் அவங்களே போர்டுல எழுதிடுறாங்க. நீங்களும் தச்சுடுங்க. அட்டைல தமிழ்லயும் ஹிந்திலயும் எழுதுங்க: பரமக்குடி கைத்தறி, பருத்தி, இன்ன நம்பர் நூல், விலை இவ்வளவு. கேக்குறவங்ககிட்ட சண்டை வேணாம், சிரிச்சுக்கிட்டே "சங்குல கொறைச்சுத் தர்றேன், சால்வைல முடியாது"ன்னு சொல்லுங்க. முதல் மாசம் நாலு பேர் போயிடுவாங்க. வீட்டுக்காரரு பதறுவாரு, பதறட்டும். நெசவாளர்ட்ட மட்டும் நீங்க பாதி விலைக்குக் கேக்காதீங்க, கடனும் சொல்லாதீங்க. கைல அட்வான்ஸ் குடுத்தா அடுத்த பாவு உங்களுக்குத்தான் மொதல்ல ஏறும்.

பரமக்குடிக்கு இப்பவே போயிட்டு வந்துடுங்க. பாவ தெருவுல நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற எடம் இன்னும் பலது இருக்கு, ஐப்பசி கார்த்திகை மழைல அது காயாது, நெசவு தள்ளிப்போகும். மார்கழி சீசனுக்கு சரக்கு கடைல இருக்கணும்னா ஆவணிக்குள்ள ஆர்டர் சொல்லியிருக்கணும்.

அன்புடன்,
அண்ணன்