புவிசார் அரசியல் எழுத லண்டன் போக வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கிறேன். புவிசார் அரசியலை எழுதும் வெளிநாட்டுச் செய்தியாளராக விரும்புகிறேன். லண்டனில் முதுகலை படிக்கக் காணியை ஈடுவைக்க வேண்டும். அப்பாவோ இந்தத் தொழிலே வேண்டாம் என்கிறார்.
– வாசகி, கொக்குவில்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, காணியை ஈடுவைக்க வேண்டாம். முழுச் செலவையும் ஏற்கும், பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் இருக்கிறது. அதற்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள் என்பதால், முதலில் இங்கிருந்தே எழுதத் தொடங்குங்கள். பெரிய பத்திரிகைகள் பல வெளிநாட்டுப் பணியகங்களைக் குறைத்துவிட்டு, அந்தந்த ஊரில் இருப்பவர்களிடம் ஆக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துச் செய்தி வாங்குகின்றன.

எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தை 2021இன் தொடக்கத்தில் அமைச்சரவை சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியது. தன் கரைக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. டிசெம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி வேலை இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்திய நன்கொடைக்கு மாறியது. வல்லரசுகளின் இழுபறியைக் கொழும்பிலும் டில்லியிலும் இருந்து யாரும் எழுதலாம். கேள்விப்பத்திர நிபந்தனைகளைப் படித்துவிட்டு, குறிகாட்டுவானில் படகேறிப் போய், டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவு மக்களுக்கு அந்தத் தாமதம் என்ன செய்தது என்று தமிழிலேயே கேட்டு எழுத உங்களைப் போன்றவரால்தான் முடியும். தொலைக்காட்சியில் அமர்ந்து அடுத்த போரை எதிர்வுகூறும் ஆய்வாளர்கள் நமக்குப் போதியளவு உண்டு. கச்சதீவு பற்றிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையை முழுவதுமாக வாசித்தவர்கள்தாம் குறைவு. ஆங்கிலத்தோடு சிங்களத்தையும் சரளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அமைச்சின் அதிகாரியிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசுபவருக்கு உள்விடயம் கிடைக்காது.

அப்பாவின் அச்சம் வீணானதன்று. பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2001இல் வன்னியிலிருந்து திரும்புகையில் ஒரு கண்ணின் பார்வையை இழந்த லண்டன் சண்டே டைம்ஸ் செய்தியாளர் மேரி கொல்வின், 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் உயிரிழந்தார். வெளியிலிருந்து வருபவர் வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடலாம். உள்ளூர்ச் செய்தியாளர் அதே ஒழுங்கையில்தான் வாழ வேண்டும். ஆகவே எந்த நிறுவனத்துக்கு எழுத உடன்படுவதற்கு முன்னரும், ஊதியம் எவ்வளவு, காப்புறுதி உண்டா, ஆபத்து வந்தால் யாரைத் தொடர்புகொள்வது, தேவைப்பட்டால் பெயரை மறைத்து வெளியிடுவார்களா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை அப்பாவிடம் காட்டி, அவரோடு பேசி முடிவெடுங்கள்; பதிலே அனுப்பாத நிறுவனத்துக்கு எழுத வேண்டாம்.